பெண்கள் வாசலின் பூட்டு

நம் தியேட்டரை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று படத்தோடு செய்தி வந்ததிலிருந்து, பழைய தெருக்காரர்கள் வாட்ஸ்அப்பில் எழுதுவதை ஒன்று விடாமல் படிக்கிறேன். முதல் நாள் கூட்டம், கட்அவுட்டுக்குப் போட்ட மாலை, பெஞ்ச் டிக்கெட்டில் கடித்த மூட்டைப்பூச்சி, எல்லாம் வந்துவிட்டது. சில திருத்தங்கள் மட்டும் சொல்ல வேண்டும். திரைக்கு முன் தொங்கிய துணி சிவப்பு அல்ல, அரக்கு நிறம். அது இரண்டு பக்கமும் விலகவில்லை, மடிப்பு மடிப்பாக மேலே ஏறியது. முகப்பில் சிமெண்டில் செய்த மயில் இரண்டு என்று நம் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். நாம் பார்த்த காலத்தில் ஒன்றுதான். மற்றது அதற்கு முன்பே உடைந்து விழுந்து, கால்கள் மட்டும் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தன.

பெண்கள் வாசலைப் பற்றி யாரும் எழுதவில்லை. உங்களில் பலருக்கு அது இருந்த இடமே தெரியாது. கட்டடத்தின் வடக்குப் பக்கச் சந்தில், சாக்கடையைத் தாண்டப் போட்ட ஒரு கல் பலகைக்கு அந்தப் பக்கம், இரும்புத் தகட்டில் செய்த இரட்டைக் கதவு. அதுதான் வாசல். நீங்கள் முன்பக்கம் முண்டியடித்து டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தபோது நாங்கள் அந்தச் சந்தில் வெயிலில் நின்றோம். உள்ளே போனால் இடப்பக்கம் முழுக்கப் பெண்கள் பகுதி. உங்களுக்கும் எங்களுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர், அதற்கு மேல் கறுப்புத் துணி. விளக்கு அணைந்த பிறகுதான் துணியை இழுத்து ஒதுக்குவார்கள்.

நான் சொல்லப்போவது ஒரே ஒரு கோடை. ஆண்டையும் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் என்னிடம் இருக்கும் இரண்டு சான்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. சந்தேகமான ஆண்டை எழுதுவதைவிட எழுதாமல் விடுவது மேல். மாசித் தேர் முடிந்திருந்தது, பள்ளிக்கூடம் விட்டிருந்தது, ஆடி இன்னும் பிறக்கவில்லை. அதுவரை உறுதி. நான் பாவாடை சட்டை போட்ட வயது. மில் சங்கை வைத்துத்தான் நம் தெருவில் எல்லாரும் எழுந்தார்கள், சமைத்தார்கள், தண்ணீர் பிடித்தார்கள். அப்பா மில்லில் ஃபிட்டர். காலை ஷிஃப்ட் முடிந்து அவர் வீட்டுக்கு வரும் நேரமும் மேட்னி பாதி ஓடியிருக்கும் நேரமும் ஒன்றாக இருந்தன. வம்பு அங்கேதான் தொடங்கியது.

அம்மாவுக்கு வாரத்தில் அந்த ஒரு மேட்னிதான். வேறு எங்கும் போகமாட்டாள், யாரிடமும் எதையும் கேட்கமாட்டாள். படம் மாறும் நாளன்று காலையிலேயே அவள் நடையில் ஒரு வேகம் வந்துவிடும். மதியச் சோற்றை மூடிவைத்து, சாவியைச் சோடாக்கடை அக்கா வீட்டு வயதான மாமனாரிடம் கொடுத்துவிட்டு, அந்த அக்காவையும் அத்தர் கடை வீட்டு அக்காவையும் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்புவாள். அத்தர் கடை அக்கா வெள்ளைத் துப்பட்டியை முகம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு வருவாள். உள்ளே போய் உட்கார்ந்ததும் அதை விலக்கி, எங்கள் எல்லாருக்கும் நடுவே விரித்து வைத்து வறுத்த கடலையைக் கொட்டுவாள். கடலையில் மல்லிகை அத்தர் வாசம் அடிக்கும்.

எழுத்துக் கூட்டிப் படிக்க அந்தப் பெஞ்சில் எனக்குத்தான் தெரியும். அதனால் திரையில் வரும் சிலேடு படிப்பது என் வேலை.

சிலேடு என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. தியேட்டருக்குள் இருக்கும் ஒருவரை அவசரமாக வெளியே கூப்பிட வேண்டுமென்றால் மேனேஜரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவர் விளக்குப் புகையில் காட்டிக் கறுப்பாக்கிய சின்னக் கண்ணாடித் துண்டில் ஊசியால் கீறி எழுதி மேலே புரொஜெக்டர் அறைக்கு அனுப்புவார். ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் மேலேயே, வலது மூலையில், வெள்ளை எழுத்து கோணல்மாணலாக வந்து நிற்கும். கதாநாயகி அழுதுகொண்டிருப்பாள், அவள் தலைக்குப் பக்கத்தில் ‘மளிகைக் கடைக்காரர் உடனே வெளியே வரவும்’ என்று இருக்கும். பெண்களின் பெயரைப் பத்துப் பேர் பார்க்க எழுதக் கூடாது என்பது வழக்கம். ஆகவே இன்னார் வீட்டு அம்மணி என்றுதான் வரும். எழுத்து வந்த கணத்தில் அரங்கமே ஒருமுறை மூச்சை நிறுத்திவிட்டு விடும். நமக்கு இல்லை என்று தெரிந்த பிறகுதான் படம் மறுபடி கண்ணில் படும்.

அந்தக் கோடையில் மேட்னிக்கு மேட்னி எங்களுக்கு வந்தது.

“என்ன கண்ணு எழுதியிருக்குது?” என்று சோடாக்கடை அக்கா கேட்பாள்.

“ஃபிட்டர் வீட்டு அம்மணி வெளியே வரவும்.”

“வந்துட்டாரப்பா மகராசன்!”

அம்மா எழுந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சுகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு போவாள். பெண்கள் வாசல் பூட்டியிருக்கும். சுவரோரமாகச் சுற்றி, ஆண்கள் பக்கத்தைக் கடந்து, தலையைக் குனிந்துகொண்டு முன்வாசல் வழியாக வெளியேற வேண்டும். அங்கே டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்தில் அப்பா நிற்பார். மில் அழுக்குச் சட்டை, காதில் பஞ்சு. எங்களைப் பார்த்ததும் எங்கோ வேறு பக்கம் பார்ப்பார்.

“ஏனுங்க, என்னாச்சுங்க?”

“சாவி கெடைக்கல.”

இன்னொரு நாள், காரமடையிலிருந்து ஆள் வருவதாக இருந்தது, வரவில்லை. வேறொரு நாள் தலைவலித் தைலம் எங்கே என்று தெரியவில்லை. தைலம் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. அம்மா அதைச் சுட்டிக்காட்டியபோது, “அட, ஆமா” என்றார். பிறகு, “வேணும்னா நீங்க திரும்பிப் போயிப் பாருங்க” என்றார். யார் திரும்பிப் போவார்கள், அத்தனை ஆண்கள் முன்னால்?

வீட்டுக்கு வந்தால் சண்டை. சத்தமான சண்டை அல்ல. அப்பா சத்தம் போடமாட்டார், அம்மாவும் மாட்டாள். பாத்திரம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கீழே வைக்கப்படும். பிறகு அம்மா சுவரைப் பார்த்துச் சொல்வாள்: “சினிமாவுக்குப் போகாதேன்னா போகாதேன்னு சொல்லிப்போடுங்க. இப்பிடி நடுவுல இழுத்து அவமானப்படுத்த வேண்டாம். இல்லீன்னா நான் சென்னிமலைக்கே போயிடறேன்.” சென்னிமலை அவள் பிறந்த ஊர். அங்கே அவளுடைய அண்ணன் வீட்டில் தறிகள் ஓடின. போனால் யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டார்கள்.

அப்பா பதில் சொல்லமாட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. போகாதே என்றும் சொல்லவில்லை, இனி கூப்பிடமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

என் கணக்கு இப்படி ஆகிவிட்டது: சிலேடு வந்தால் சண்டை, இன்னும் சில சண்டை வந்தால் அம்மா போய்விடுவாள். ஆகவே நான் படம் பார்க்கவில்லை. திரையின் வலது மூலையை மட்டும் பார்த்தேன். பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்த மூலையில் வானம் வந்தால் வெள்ளை எழுத்து தெரியாமல் போய்விடுமோ என்றும், இருட்டு வந்தால் இப்போது வந்துவிடுமோ என்றும் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோடையில் பார்த்த படங்களில் எதன் கதையும் எனக்குத் தெரியாது. பின்னாளில் தொலைக்காட்சியில் அவை வந்தபோது வலது மூலைகள் மட்டும் பழக்கமானவையாக இருந்தன. ஒன்றில் தென்னங்கீற்று, ஒன்றில் சுவர்க்கடிகாரம், ஒன்றில் யாரோ மாட்டிய சட்டை.

தெருவில் அப்பாவைப் பற்றி ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. சந்தேகக்காரர். பெண்டாட்டி இருட்டில் உட்கார்ந்திருப்பது பொறுக்கவில்லை. சோடாக்கடை அக்கா அதை அம்மா முகத்துக்கு நேராகவே சொன்னாள். “எங்கூட்டுக்காரரு குடிப்பாரு, உருட்டுவாரு, ஆனா படம் பாக்கும்போது மட்டும் எந்திரிக்கச் சொன்னதில்ல. உங்க மனுசனுக்கு என்னதான் வேணுமாமா?”

“எனக்கென்னக்கா தெரியும்?” என்றாள் அம்மா.

அத்தர் கடை அக்கா மட்டும் ஒருநாள், “அவரு மூஞ்சியப் பாத்தா கோவக்காரரு மாதிரித் தெரியலயே, எதுக்கோ வெசனப்படற மாதிரியில்ல இருக்குது” என்றாள். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும்தான்.

சோடாக்கடை அக்காவின் கணவருக்குத்தான் தியேட்டரில் இடைவேளைச் சோடா விற்கும் உரிமை. அதனால் அவளுக்கு மேனேஜரிடம் கொஞ்சம் செல்வாக்கு. ஒரு காலைப்பொழுதில் அம்மாவைக் கேட்காமலேயே போய்ப் பேசிவிட்டு வந்தாள். மேனேஜர் வெள்ளை வேட்டி கசங்காத மனிதர். யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர்.

“நெசமான அவசரம்னா போடுங்க, வேண்டாங்கல. சாவிக்கும் தைலத்துக்கும் சிலேடு போட்டா மத்தவங்களுக்குப் படம் வெளங்குதுங்களா? அப்படின்னு மேனேஜரைக் கேட்டேன். செரிதானுங்க, இனிமே ஃபிட்டர் வந்தா என்ன சமாச்சாரம்னு வெசாரிச்சுப்போட்டுத்தான் போடுவேன்னு சொல்லியிருக்கறாரு. நீ நிம்மதியா உக்காந்து பாரு அம்மணி.”

அம்மா சிரித்தாள். ஆனால் அன்றைக்கு முழுக்கக் கையில் எடுத்த பொருளை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த படம் மாறிய நாள் நல்ல வெயில். தகட்டுக் கதவு தொட்டால் சுட்டது. டிக்கெட் கிழிக்கும் அம்மா எங்களை எண்ணி உள்ளே விட்டாள், கதவை இழுத்தாள், சங்கிலியைக் கோத்துப் பூட்டினாள். அவளைப் பற்றியும் சொல்ல வேண்டும். படம் தொடங்கியதும் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விடுவாள். உலை வைத்து, ஆட்டுக்குத் தழை போட்டு, இடைவேளைக்குத் திரும்பி வந்து திறப்பாள். மறுபடி பூட்டிவிட்டுப் போவாள். இளவட்டங்கள் சந்து வழியாக நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அதில் யாருக்கும் குறை இல்லை. பூட்டினால்தான் பாதுகாப்பு என்று எங்கள் வீட்டு ஆண்களும் நினைத்தார்கள், பெண்களும் நினைத்தார்கள்.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். சிலேடு வரவில்லை. வலது மூலையில் ஒரு மாடிப்படி தெரிந்தது. மில் சங்கு அடித்தது கேட்டதே, அப்பா வந்திருப்பாரே, ஏன் இன்னும் வரவில்லை என்று எனக்கு வேறு மாதிரிப் பயம் பிடித்தது. வந்தால் ஒரு பயம், வராவிட்டால் ஒரு பயம்.

அப்போது எங்களுக்குப் பின்னால் சங்கிலி குலுங்கியது.

முதலில் காற்று என்று நினைத்தோம். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தகட்டில் கை தட்டும் சத்தம். பிறகு அது நின்று, இரும்பு இரும்பைக் கடிக்கும் சத்தம், நிதானமாக, நிறுத்தி நிறுத்தி. சோடாக்கடை அக்கா, “எந்தக் கழுதைடா அது?” என்று இருட்டைப் பார்த்துக் கத்தினாள். அம்மாவின் கை என் கையைத் தேடி வந்து பிடித்தது. அவளுக்கு அந்தச் சத்தம் தெரிந்திருந்தது. வீட்டில் மிதிவண்டியைப் பிரிக்கும்போது அப்பாவின் ஸ்பேனர் போடும் சத்தம்.

முன்வாசலில் நடந்ததைப் பின்னால் மேனேஜரே சொல்லித் தெரிந்தது. “என்ன அவசரங்க?” என்று அவர் கேட்டிருக்கிறார். அப்பா, “சாவி” என்றிருக்கிறார். “சாவி சோடாக்கடைப் பெரியவர்கிட்ட இருக்குமுங்களே?” “ஆமா.” “பொறவென்னங்க?” அப்பா கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு சந்துக்குப் போயிருக்கிறார். பூட்டைப் பார்த்திருக்கிறார். டிக்கெட் கிழிக்கும் அம்மாவைத் தேடியிருக்கிறார். அவள் இல்லை. அவர் ஃபிட்டர். பூட்டை உடைக்கவில்லை. கதவு கீலின் போல்ட்டுகள் வெளிப்பக்கம் இருந்தன. அவற்றைக் கழற்றினார்.

திடீரென்று பகல் உள்ளே விழுந்தது.

அதை எப்படி எழுதுவது? படம் அழிந்துவிட்டது. திரை வெறும் அழுக்கு வேட்டியாகத் தெரிந்தது. பாட்டு மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. பெஞ்சில் இருந்த எல்லாரும் முகத்தை மறைத்தார்கள். அத்தர் கடை அக்கா துப்பட்டியை இழுத்ததில் கடலை முழுக்கத் தரையில் சிதறியது. ஆண்கள் பக்கம் விசிலும் கூச்சலும். வாசலில், கழன்ற கதவைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வெயிலுக்கு முன்னால் கறுப்பாக அப்பா நின்றார்.

“வெளிய வாங்க,” என்றார். “எல்லாரும் வெளிய வாங்க.”

அம்மாவை மட்டும் கூப்பிடவில்லை. எல்லாரும் என்றார். அது அப்போதே என் காதில் விழுந்தது, ஏன் என்று புரியவில்லை.

“என்னுங்க ஆச்சு?” என்று யாரோ அலறினார்கள்.

“ஒண்ணும் ஆகல. வாங்க.”

ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு மனிதர் கதவைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் யார் நம்புவார்கள்? பின் பெஞ்சிலிருந்து தள்ளத் தொடங்கினார்கள். என் கால் யாரோ ஒருவரின் காலுக்கடியில் போனது. அம்மா என்னைத் தூக்கி நெஞ்சோடு அழுத்திக்கொண்டு இடித்து வெளியே வந்தாள். சந்தில் அத்தனை பெண்களும் நெருக்கியடித்து நின்றார்கள். பாதிப் பேருக்குச் செருப்பு இல்லை. அப்பா கதவைச் சுவரில் சாய்த்துவிட்டு, வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசிப் பெண் வெளியே வந்த பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு சாக்கடைக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜர் ஓடி வந்தார். அன்றுதான் அவர் வேட்டி கசங்கிப் பார்த்தேன். “ஏனுங்க ஃபிட்டரு, என்ன காரியம் பண்ணிப்போட்டீங்க! நான் போலீசைக் கூப்பிடட்டுங்களா?”

“கூப்பிடுங்க. அதுக்கு முன்னாடி மாட்டிக் குடுத்துடறேன்,” என்றார் அப்பா. மாலை ஆட்டத்துக்கு முன் கதவை மாட்டியும் கொடுத்தார். கீலுக்கு எண்ணெய்கூட விட்டாராம்.

போலீஸ் வரவில்லை. ஆனால் ஃபிட்டர் வீட்டார் இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லி அனுப்பினார். முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர் முதன்முதலாகச் சொன்ன முடியாது அது. தெருவில் பிள்ளைகள் எங்கள் வீட்டைக் கடக்கும்போது கதவைக் கழற்றுவது போலக் கையைத் திருகிக் காட்டிச் சிரித்தார்கள். நீங்களும் அவர்களில் இருந்திருப்பீர்கள். பரவாயில்லை.

அம்மா அன்று பாத்திரத்தைப் பலமாக வைக்கவில்லை. அமைதியாக டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்கித் துடைத்தாள். தன் புடவைகளை வைத்தாள். சற்று யோசித்து, என் பாவாடைகளை எடுத்து வைத்தாள், மறுபடி வெளியே எடுத்தாள். மறுபடி வைத்தாள். நான் போவேனா இருப்பேனா என்பது அவள் கையில் போய்ப் போய் வந்தது. அப்பா சுவரோரம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை சத்தியமங்கலத்திலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. அம்மா அவளை நங்கை என்று கூப்பிடுவாள். அப்பா மில் ஆளிடம் சொல்லி அனுப்பி வரவழைத்திருந்தார் போலும். தான் பேச முடியாததைப் பேச ஒருவர் வேண்டியிருந்தது. அத்தை பெட்டியைப் பார்த்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல், “அவன் எங்க?” என்றாள்.

“மில்லுக்குப் போயிட்டாருங்க நங்கை.”

“நல்லதாப் போச்சு. உக்காரு அம்மணி.”

நான் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் போகச் சொல்லவில்லை.

“எங்களுக்குக் கடைசியா ஒரு தங்கச்சி இருந்தா. உனக்குச் சொல்லியிருக்கறானா?”

“காய்ச்சல்ல போயிட்டாங்கன்னு…”

“காய்ச்சல் இல்ல. அப்பிடித்தான் எல்லார்த்துக்கும் சொன்னோம்.” அத்தை முந்தானையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். “ஊருக்கு வெளிய கீத்துக் கொட்டாயி போட்டுப் படம் காட்டுனாங்க. இவன்தான் கூட்டிட்டுப் போனான். அவளைப் பொம்பளைக பக்கம் உட்டுப்போட்டு இவன் ஆம்பளைக பக்கம் உக்காந்தான். தீப் புடிச்சுது. ஆம்பளைக பக்கம் தொறந்திருந்துச்சு, எந்திரிச்சு வெளிய வந்துட்டான். பொம்பளைக பக்கம் தட்டியக் கம்பி போட்டுக் கட்டியிருந்தாங்க. டிக்கெட் இல்லாதவங்க பூந்துருவாங்கன்னு. இவன் வெளிய நின்னு அந்தக் கம்பியப் பிரிச்சிருக்கறான். பிரிக்க முடியல.”

அடுப்பில் ஏதோ பொங்கியது. யாரும் எழுந்திருக்கவில்லை.

“இத்தன வருசத்துல ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லலியே நங்கை. சொல்லியிருந்தா நான் படத்துக்கே போயிருக்க மாட்டனே.”

“அதுக்குத்தான் சொல்லல. நானும் கேட்டேன், சொல்லிப்போடுடான்னு. ‘அவளுக்கு அது ஒண்ணுதான் ஆசை. சொன்னா அதுக்குப் பொறவு உக்காந்து ஒரு படம் பாப்பாளா?’ன்னான். உங்க மூஞ்சிய நடுவுல ஒருதரம் பாத்துப்போட்டா அவனுக்குப் போதும். அதுக்குத்தான் சாவி, கீவின்னு ஏதோ சொல்லியிருக்கறான். பொய் சொல்லக்கூடத் தெரியாது அவனுக்கு.”

கொட்டகைகளின் வரலாற்றைத் தேடித் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு எப்போது வந்தது என்று யாராவது கேட்டால், அந்தக் காலையைத்தான் சொல்வேன். படம் நடக்கும்போது எந்த வாசலையும் பூட்டக் கூடாது, கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்று விதி உண்டு என்பதைப் பிறகு படித்தேன். விதி எங்கோ ஒரு புத்தகத்தில் இருந்தது. சாவி ஒரு பெண்ணின் இடுப்பில், அவள் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்த இடத்தில் இருந்தது.

அம்மா பெட்டியைப் பரணில் ஏற்றவில்லை. திறந்தபடியே விட்டுவிட்டு, முகம் கழுவி, சோடாக்கடை அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டு நேராகத் தியேட்டருக்குப் போனாள். என் கையையும் பிடித்துக்கொண்டாள். பெண்கள் வாசலுக்குப் போகவில்லை. முன்வாசல் வழியாக, மேனேஜர் அறைக்கு. அம்மா முன்வாசல் வழியாக நிமிர்ந்து உள்ளே போய் நான் பார்த்தது அதுதான் முதல்.

மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். “ஏனுங்க அம்மணி, நான்தான் சொல்லி உட்டனே…”

“நாங்க வாறதைப் பத்திப் பொறவு பேசலாமுங்க. அந்தச் சந்துக் கதவைப் படம் ஓடும்போது பூட்டக் கூடாதுங்க.”

“பூட்டாட்டிப் பசங்க பூந்துருவாங்களே?”

“உள்ள எத்தன கொழந்தைங்க உக்காந்திருக்குதுங்க? தீப்பெட்டி வெச்சுட்டுப் பீடி குடிக்கறவங்க அந்தப்பக்கம் எத்தன பேரு?” அம்மா மேசைக்கு நெருங்கி வந்தாள். நிறுத்தவில்லை. “ஒண்ணு ஆயிப்போச்சுன்னா சாவிக்காரம்மாவை எந்தச் சந்துல போயித் தேடுவீங்க?”

மேனேஜர் சோடாக்கடை அக்காவைப் பார்த்தார். முந்தின நாள்வரை அப்பாவை வாய்க்கு வந்தபடி ஏசியவள் அவள். வழியில் அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவள், “நெசந்தானுங்களே. எங்களை உள்ள வெச்சுப் பூட்டுனா நாங்க என்ன கோழிங்களா?” என்றாள்.

“செரிங்க, பூட்டலை. ஆனா யாராச்சும் காவலுக்கு நிக்கோணுமே? நான் ஒரு ஆளை அதுக்குன்னு எங்கீங்க போடுவேன்?”

“எங்கூட்டுக்காரரு நிப்பாருங்க,” என்றாள் அம்மா.

அவரைக் கேட்காமலேயே சொன்னாள். மேனேஜர் தலையாட்டினார். அவருக்கு முடியாது என்று சொல்லும் பழக்கம் மறுபடி விட்டுப்போயிருந்தது.

அடுத்து படம் மாறிய நாள், எங்களுக்குக் கதவோரப் பெஞ்சு. யாரும் அதற்குப் போட்டியிடவில்லை. சங்கு அடிக்கும் வரை டிக்கெட் கிழிக்கும் அம்மாவே, அடுப்பில் வைத்ததை நினைத்து முணுமுணுத்துக்கொண்டு, வாசலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு அப்பா வந்தார். காதில் பஞ்சை எடுக்காமல், சந்தில் ஒரு கள்ளிப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அந்தக் கீற்று வெளிச்சம் எங்கள் கால்களின் மேல் விழுந்து, சுவரில் ஏறி, திரையின் ஓரத்தைக் கொஞ்சம் வெளுக்க வைத்தது. “கண்ணு கூசுதுடா சாமி” என்று பின்னால் ஒரு பெண் சலித்துக்கொண்டாள். சோடாக்கடை அக்கா திரும்பி, “கூசுனா மூடிக்க” என்றாள்.

நான் பழக்கத்தில் வலது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்து எதுவும் வரவில்லை. பாதிப் படத்தில், யாரும் கூப்பிடாமல், அம்மா தானாக எழுந்தாள். பழைய பயத்தில் நானும் எழப்போனேன். ஆனால் அவள் என் கையைப் பிடிக்கவில்லை. இரண்டடி நடந்து கதவிடுக்கில் போய், முகம் முழுதும் வெளிச்சத்தில் தெரியும்படி நின்றாள்.

“ஏனுங்க.”

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அவர் தோள் மெல்லக் கீழே இறங்கியதை நான் பார்த்தேன். காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

“கதை எப்பிடிப் போகுது?” என்றார்.

“அந்தப் பொண்ணைப் பாக்க வந்தவங்க வேண்டாம்னுட்டுப் போயிட்டாங்க. அவ கெணத்தடியில நின்னு அழுதுட்டு இருக்கறா.”

“ச்சே, பாவம்,” என்றார். பிறகு, “நீ போய்ப் பாரு. என்னாச்சுன்னு முடிஞ்சதும் வந்து சொல்லு.”

அம்மா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் அந்தப் பெண் இன்னும் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு என்ன ஆகுமோ என்று எனக்குக் கவலையாக இருந்தது.